மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை: போக்கர் பயிற்சி வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மன்ற அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானத்தின்படி, ரம்மியில் ஊறிய நம் உறுப்பினர்களுக்கு டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரை முறையாகக் கற்பிக்கும் வகுப்பு இவ்வாண்டு தொடங்கப்பட்டது. காசு வைத்து ஆடக் கூடாது என்பதே வகுப்பின் முதல் விதி; அனைவருக்கும் சமமாக வழங்கப்படும் சிப்புகள் (காசுக்குப் பதிலான வில்லைகள்) ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்பிவிடும். இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025இல் நடுவண் சட்டம் தடை செய்துள்ள நிலையில், இவ்விதியில் சிறு தளர்வுக்கும் இடமில்லை என்பது செயற்குழுவின் உறுதியான நிலைப்பாடு.

ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் மூன்று, ஒன்று, ஒன்று எனத் திறக்கப்படும் ஐந்து பொதுச் சீட்டு, இந்த ஏழில் சிறந்த ஐந்து என்பது எளிதில் புரிந்துவிட்டது. வரிசையைப் பெரிதாக மதிக்கும் ரம்மிப் பழக்கத்தால், ஸ்ட்ரெய்ட்டை (அடுத்தடுத்த ஐந்து சீட்டுகளின் வரிசை) ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வெல்வதுதான் பலருக்கு நெருடியது. ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960. அவற்றில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃபிளஷ் 5,108 மட்டுமே. அரிதானதே பெரியது என்று காரணத்தோடு விளக்கியபின் தரவரிசை மனத்தில் நின்றது.

ஆண்டின் பெரும்பகுதி, சீட்டை மடக்க, அதாவது மேலும் சிப்பு வைக்காமல் அந்தக் கையிலிருந்து விலக, பழகுவதிலேயே சென்றது; இதையே வகுப்பின் உண்மையான பயனாகக் கருதுகிறேன். கையில் இரண்டு ஆட்டின், திறந்த நான்கு சீட்டுகளில் இரண்டு ஆட்டின் என வைத்துக்கொள்வோம். காணாத 46 சீட்டுகளில் ஒன்பதே ஆட்டின்; ஆகவே கடைசிச் சீட்டில் ஃபிளஷ் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. நடுவில் 200 சிப்பு இருக்க, எதிராளி 100 வைத்தால், நாம் 100 போட்டு மொத்தம் 400க்கு ஆடுகிறோம். அதற்கு 25 விழுக்காடு வாய்ப்பாவது தேவை என்பதால் மடக்குவதே முறை. அவர் 40 மட்டும் வைத்தால் ஏறத்தாழ 14 விழுக்காடே போதும், தாராளமாகத் தொடரலாம். எத்தனை அழகான சீட்டாக இருந்தாலும் விலை பார்த்தே ஆட வேண்டும் என்பதை இக்கணக்கு மூத்த உறுப்பினர்களுக்கும் உணர்த்தியது. பிறர் செய்வதைப் பார்த்தபின் முடிவெடுக்கும் கடைசி இருக்கையின் பலத்தையும் இப்போது பலர் அறிந்து ஆடுகின்றனர்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார்.

கையில் நான்கு சீட்டு பெற்று, அவற்றில் சரியாக இரண்டை மட்டுமே பயன்படுத்த வேண்டிய ஓமஹா ஆட்டத்தை வரும் ஆண்டில் சேர்க்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்