கேமரா கிளிப் தகடு நடக்க நடக்கக் கழல்கிறது: பணத்தைத் திருப்பித் தரக் கோரிக் கடிதம்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முதுகுப்பைத் தோள்வாரில் மாட்டும் கேமரா கிளிப்பில் உள்ள குறைகள்

ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையதளத்தில் வாங்கிய கிளிப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ரசீது நகலும் படங்களும் இணைப்பில் உள்ளன.

பெட்டியில் "எந்தப் பைக்கும் பொருந்தும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கல்லூரிப் பையின் மெல்லிய வாருக்குச் சரி. மலையேற்றத்துக்கு எடுத்துப்போகும் 50, 60 லிட்டர் பைகளின் வாரில் தடித்த ஃபோம் இருக்கும். அதை நசுக்கிப் பிடித்தாலும் போல்ட் இரண்டு மரைக்கு மேல் ஏறுவதில்லை. நீளமான போல்ட் ஒரு ஜோடி உடன் வைத்திருக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது கேமராவின் அடியில் திருகி, கிளிப்பில் செருகிப் பூட்டும் தகடு. என் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி5 கேமரா 557 கிராம், 16-80 மி.மீ. லென்ஸ் 440 கிராம். சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ. நீங்கள் சொல்லும் 5 கிலோ வரம்புக்குள் இது தாராளமாக அடங்கும். ஆனால் அந்த 5 கிலோ அசையாமல் தொங்கும் எடைக்கான கணக்காகத்தான் இருக்க முடியும். லென்ஸ் கீழ்நோக்கித் தொங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கேமரா இடமும் வலமும் ஆடுகிறது. அந்த ஆட்டம் முழுவதும் தகட்டின் நடுவே உள்ள ஒரே கால் அங்குலத் திருகின் மேல் முறுக்காக விழுகிறது. தகட்டின் ரப்பர் கொஞ்சம் அமுங்கினாலே பிடிப்பு தளர்ந்து திருகு கழலத் தொடங்குகிறது.

படங்களைப் பாருங்கள். தகட்டின் விளிம்பிலும் கேமராவின் அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டுக்கும் குறுக்கே ஒரே கோடு போடப்பட்டுள்ளது. இமாச்சலின் ஹம்ப்டா கணவாய்ப் பாதையில் ஜோப்ராவில் எடுத்த படத்தில் கோடு நேராக இருக்கிறது. சிக்கா முகாமில் எடுத்ததில் விலகியிருக்கிறது. ஜோப்ராவிலிருந்து சிக்கா வரை அந்தப் பாதையின் எளிதான முதல் பகுதி. பாறைச் சரிவுகள் அதற்குப் பிறகுதான். கிளிப்பின் பூட்டு கடைசிவரை திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டு எவ்வளவு உறுதியானாலும், தகடு கழன்றால் கேமரா கீழேதான்.

உங்கள் சேவைப் பிரிவு மரையில் திரெட்லாக்கர் (திருகு கழலாமல் பிடித்து வைக்கும்) பசை தடவச் சொன்னது. தயவுசெய்து யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். அது வழிந்தால் சில வகை பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

தகட்டின் திருகை விரலால் மடக்கு வளையத்தைப் பிடித்துத்தான் முறுக்க முடிகிறது. அந்த இறுக்கம் போதாது. ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் தலை வேண்டும். கேமரா பாடியின் விளிம்பை அணைத்து நிற்கும் உதடு ஒன்று தகட்டில் இருந்தால் அது சுழலவே முடியாது. பாதுகாப்புக் கயிறு கட்ட ஒரு துளையும் அவசியம்.

முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும். வார் எவ்வளவு தடிமன் வரை பொருந்தும் என்பதை மில்லிமீட்டரில் விற்பனைப் பக்கத்தில் போடவும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், படங்கள், கிளிப், தகடு, போல்ட்கள்