தொகுதி நிதிப் பணிகள் ஊருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டப்பட்ட பயணியர் நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவற்றின் திறப்பு விழாச் செய்திகள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் தவறாமல் வருகின்றன. அந்தப் பணி எப்படித் தேர்வானது, அதே தொகையை எதிர்பார்த்து எந்தெந்த ஊர்கள் மனு கொடுத்துக் காத்திருந்தன என்பவை மட்டும் வாசகருக்குத் தெரிவதே இல்லை.

1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் ஆட்சியில் இத்திட்டம் தொடங்கியபோது உறுப்பினர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாயாக இருந்த ஒதுக்கீடு, 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாக இருக்கிறது. இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணிகளைப் பரிந்துரைக்கிறார்; ஒப்புதல் அளித்துச் செய்து முடிப்பது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இத்திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டதால், திட்டமே கூடாது என்ற பழைய வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால், தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருப்பதால், சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்கூடத் தேறாது. இவ்வளவு குறைந்த தொகையில் ஓர் ஊருக்குச் சமுதாயக் கூடம் கிடைத்தால், வேறோர் ஊரின் குடிநீர்த் தொட்டி தள்ளிப்போகிறது. அந்த முடிவு எடுக்கப்படும்போது இரண்டு ஊர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அமெரிக்க நாடாளுமன்றத்திலும் உறுப்பினர்கள் தங்கள் பகுதிப் பணிகளுக்குக் கூட்டாட்சி அரசின் நிதியைப் பெற்றுத்தரும் வழக்கம் உண்டு. அலாஸ்காவில் ஏறத்தாழ ஐம்பது பேர் வசித்த கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட 2005-இல் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது போன்ற நிகழ்வுகளால் அந்த வழக்கம் கெட்ட பெயர் வாங்கி, 2011-இல் நிறுத்தப்பட்டது. 2021-இல் அதை மீண்டும் கொண்டுவந்தபோது பிரதிநிதிகள் சபை கடுமையான நிபந்தனைகளை விதித்தது. பணம் ஒதுக்கப்படும் முன்பே ஒவ்வொரு கோரிக்கையையும், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற விவரத்தோடு உறுப்பினர் தமது இணையதளத்தில் வெளியிட வேண்டும். தமக்கோ தம் குடும்பத்துக்கோ அதில் ஆதாயம் இல்லை என்று எழுதித்தர வேண்டும். உள்ளூர் மக்களின் ஆதரவுக்குச் சான்று காட்ட வேண்டும். லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கு நிதி கிடையாது.

இதனால் என்ன பயன் என்பது 2025 மார்ச்சில் தெரிந்தது. அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடுகள் மொத்தமாகக் கைவிடப்பட்டபோது, எந்தச் சுத்திகரிப்பு நிலையம், எந்தத் தீயணைப்பு நிலையம் தங்களுக்கு இல்லாமல் போயிற்று என்று ஒவ்வோர் ஊராரும் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஏப்ரலில் நம் தொகுதி நிதி நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் தங்கள் ஊர் எதை இழந்தது என்று சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? பட்டியலைப் பார்த்திருந்தால் அல்லவா இழப்பு தெரியும்!

திட்டத்தின் இணையதளத்தில் விவரங்கள் இருப்பது உண்மைதான். வயலுக்குப் போய்வரும் ஒருவர் அதைத் தேடிப் படித்து, தன் ஊர்ப் பெயர் இல்லையே என்று கேள்வி எழுப்புவார் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. பணி முடிந்த இடத்தில் உறுப்பினரின் பெயரோடு கல்வெட்டு வைக்க விதி இருக்கிறது. பரிந்துரைக்கும் நிலையிலேயே அந்தப் பட்டியலைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டவும், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் பெறவும் விதி செய்தால் என்ன? கட்டிய பின் பராமரிப்புச் செலவு ஊராட்சியின் தலையில்தான் விழுகிறது என்பதால், அதன் சம்மதத்தை முன்பே கேட்பதுதான் முறை.

விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்தியாளர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் பரிந்துரைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை தொகுதிவாரியாக வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்.