நிற்கும் காரும் நெல்லை வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சென்னையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கும் நாளில், வீட்டுக் கார் செல்ஃப் எடுக்காமல் நிற்பது நம் திருநெல்வேலிச் சீமையில் வழக்கமாகிவிட்டது. ‘ஓடாத வண்டிக்கு எப்படி பேட்டரி போகும், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்ற பேச்சும் கூடவே எழுகிறது. ஓடாமல் நின்றதுதான் பெரும்பாலும் காரணம். நம் வெயில் அதற்குத் துணை.

கார்களில் பரவலாக உள்ள ஈய-அமில பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். பாளையங்கோட்டை போன்ற ஊர்களில் மூன்றை ஒட்டியே எதிர்பார்ப்பது நல்லது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு; தகடுகளுக்குள் உள்ள ஈயச் சட்டம் அரிபடுவதும், உள்ளிருக்கும் நீர் வற்றுவதும், சார்ஜ் தானாக இறங்குவதும் அதற்கேற்பக் கூடுகின்றன. அக்னி நட்சத்திரத்து மதியத்தில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிற்கும் வண்டியிலும் கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு ஆகியவை மின்சாரத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். வெறும் 30 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணி அளவுதான். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி 12.2-க்கு இறங்கினால் பாதி தீர்ந்தது என்று பொருள். அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகிப்போகும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது.

இதற்குப் பரிகாரமாக வீட்டுப் பெரியவர்கள் ஞாயிறுதோறும் போர்ட்டிகோவிலேயே ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிட்டு அணைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யச் செலவானதை அது ஈடுகட்டலாம், ஒரு வாரம் கசிந்ததை ஈடுகட்டாது, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம். அதைவிட, நாங்குநேரி வரை நான்குவழிச் சாலையில் ஒருமுறை போய் வரலாம். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்து, இடையிடையே சார்ஜரில் போடலாம்.

மூடி திறக்கும் வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றலாகாது. உவர்ப்பான போர்த் தண்ணீர் கூடவே கூடாது; தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் அதில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளுக்குக் கேடு. தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரியும் வரை விடுவதும் தவறு.

எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போடுவதும் சரியல்ல. எங்கள் தெருவில் ‘பேட்டரி போச்சு, மாத்தணும்’ என்று தீர்ப்பான ஒரு காரின் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. கவ்விகளைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவியதும் முதல் சாவியிலேயே வண்டி எடுத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழுதானாலும் இதே அறிகுறிதான். எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் ஏறத்தாழ 14 வோல்ட் வராவிட்டால், புது பேட்டரி போட்டாலும் தாங்காது.

வாரண்டி அட்டையையும் கவனித்துப் படிக்க வேண்டும். 24+24 மாதம் என்றிருந்தால், முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று. அடுத்த பகுதியில் கழிந்த காலத்துக்கேற்பக் குறையும் தள்ளுபடி மட்டுமே. நான்கு ஆண்டுக்கும் இலவசம் என்று நம்பிப் போய்க் கடையில் சண்டை போடுபவர்கள் பலர். கடையிலேயே பல மாதம் சார்ஜ் ஏற்றாமல் கிடந்த பேட்டரி விலைக்கு வரும்போதே தளர்ந்திருக்கும் என்பதால், தயாரிப்பு மாதத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை.

நம் பகுதி பேட்டரி விற்பனையாளர்கள், பழையதைக் கழற்றும் முன் லோடு டெஸ்ட் (மின்சுமை கொடுத்து பேட்டரியின் வலுவைப் பார்க்கும் சோதனை) செய்து அளவைக் காட்டவும், புதியதன் தயாரிப்பு மாதத்தை ரசீதிலேயே எழுதித் தரவும் முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.