ஊருணி, கோவில் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய புள்ளிகளுக்கும் (கோவில் வரி கொடுக்கும் குடும்பங்களுக்கும்), ஊர்ப் பொதுமக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து மகமை அனுப்பிய அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

2023-இல் தொடங்கிய வேலைகள் முடிந்து, கும்பாபிஷேகமும் மண்டலாபிஷேகமும் குறைவில்லாமல் நடந்தேறின. வரவு செலவை வழக்கம்போல ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் "கோவில் பணத்தைக் கொண்டுபோய் ரோட்டுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்" என்று ஒரு பேச்சு ஊருக்குள்ளும் வாட்ஸப்பிலும் ஓடுகிறது. சென்னையில் இருக்கும் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதி, ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைப் பற்றியே இருக்கும்.

கோவில் வேலையை முதலில் சொல்லிவிடுகிறோம். விமானத்துச் சுதை பழுது பார்த்தது, மேல்தளத்துக்குத் தட்டோடு பதித்தது, மடைப்பள்ளி, பிரகாரத்தில் கருங்கல் தளம், மின்வயர் முழுவதும் மாற்றியது, அஷ்டபந்தனம் எல்லாம் திட்டப்படி முடிந்தன. செலவு 33,20,000 ரூபாய். கோபுரத்துக்குப் பஞ்சவர்ணம் அடிக்கவில்லை, வெள்ளையோடு நிறுத்திக்கொண்டோம். அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. வரத்துக்காலுக்குப் போனது. தெரிந்தே, குழு கூடிப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவு அது.

நம் ஊருணியின் அமைப்பு பெரியவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறோம். காரைக்குடியை ஒட்டிய நம் பக்கத்தில் ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவத்தில் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. அதற்காகவே தெருக்களை வாட்டம் பார்த்துப் போட்டு, வளவு (வீட்டின் உள்பகுதி) முற்றத்துத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் காலில் இறங்கி ஊருணிக்குப் போகும்படி முன்னோர் அமைத்தார்கள். மேற்கே பொட்டலில் விழும் மழையும் அதே வரத்துக்காலில் சேர்ந்து வரும். ஊருணி நிறைந்தால் சுற்றுவட்டக் கிணறுகளில் நீர் ஊறும். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தபோது வீடுகளை மட்டும் பார்த்துச் சேர்க்கவில்லை. தெருவும் ஊருணியும் சேர்ந்த அமைப்புதான் நம் ஊர்.

மேற்குப் பொட்டல் இப்போது பொட்டலாக இல்லை. காரைக்குடி 1928-இல் நகராட்சி ஆனது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948-இல் நேரு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கல்லூரிகள் வந்தன, 1985-இல் பல்கலைக்கழகம் வந்தது. அதையொட்டி ஊர் எல்லாப் பக்கமும் விரிந்தது. இந்தப் பக்கம் பிளாட் போட்டவர்கள் அப்ரூவல் இல்லாமலே போட்டு விற்றார்கள். 2016-இல் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டியவர்களுக்கு மனை வரன்முறை ஆனது. மனைக்கு நடுவில் ஓடிய கால் மட்டும் மண்மூடிக் கிடந்தது. சர்வே புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று கோடு இருக்கிறது, தரையில் இருபதடித் தார்ரோடு இருக்கிறது. வாங்கிய மக்களைக் குறை சொல்ல மாட்டோம். சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கியவர்கள், அவர்களுக்குக் கால் இருந்ததே தெரியாது.

2023-இல் மதிப்பீடு போட்டபோது கணக்கு இப்படி இருந்தது: ஊருணி தூர்வாரும் வேலையை ஊராட்சி நூறு நாள் வேலையில் செய்து தரும், நாம் படித்துறையும் கரையும் கட்டுவோம், வரத்துக்காலைத் திறந்த வாய்க்காலாகவே வெட்டிச் சீர்செய்ய 4,50,000 ரூபாய். இதற்குக் கிராம சபையில் தீர்மானமும் போட்டாயிற்று. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் சேர்க்கச் சொல்லி மனுவும் கொடுத்தாயிற்று.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2024 மார்ச்சில் காரைக்குடி மாநகராட்சி ஆகும் என்று அறிவிப்பு வந்து, ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியிருந்த சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் சேர்ந்தபோது நம் ஊரும் சேர்ந்தது. நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு உரியதாக இருந்தது, மாநகராட்சிக்குள் கிடையாது. 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தலைவர் இல்லை, கிராம சபை இல்லை. நம் மனு ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறதா, மாநகராட்சிக்கு வந்துவிட்டதா என்று கேட்டால் இரண்டு இடத்திலும் மற்ற இடத்தைக் கைகாட்டினார்கள். மாநகராட்சி ஆனதால் நல்ல ரோடும் குடிதண்ணீரும் வந்தால் சந்தோஷம்தான், அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாறுதல் காலத்தில் தூர்வாரும் செலவு முழுவதும் நம் தலையில் விழுந்தது. பொக்லைன், டிப்பர், வண்டல் ஏற்றி இறக்கும் கூலி, படித்துறை எல்லாம் சேர்த்து ஊருணிக்கு ஆனது 17,80,000 ரூபாய்.

ஊருணியின் தரைக்குக் கான்கிரீட் போட்டு, சுற்றி நடைபாதையும் கம்பி வேலியும் வைத்தால் அழகாக இருக்கும், அதற்கு நிதி பார்க்கலாம் என்று ஒரு யோசனை சொல்லப்பட்டது. மறுத்துவிட்டோம். தரையை மூடினால் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வரும்? பழைய செம்புறாங்கல் படிகளையே பெயர்த்து, எண் போட்டு, சுண்ணாம்புக் காரையில் திரும்பப் பதித்தோம். போதாத கல்லுக்கு, கீழத்தெருவில் இடிக்கப்பட்ட வீட்டின் அடித்தளக் கல்லை வாங்கிக்கொண்டோம். அந்த வீட்டுத் தேக்குத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. கல்லாவது ஊருக்குள் நின்றதில் எங்களுக்கு நிறைவு.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம்.

தார்ரோடு வந்த பிறகு திறந்த கால் வெட்ட முடியாது. ஆகவே ரோட்டோரமாகக் குழாய் பதித்து, இரண்டு குறுக்குத் தெருக்களைக் கடந்து ஊருணிக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. ரோடு வெட்ட அனுமதி, திரும்பத் தார் போடக் கட்ட வேண்டிய தொகை, ஆள் இறங்கும் தொட்டிகள் எல்லாம் மதிப்பீட்டில் இல்லாதவை. மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த விலை சொன்னவருக்கு வேலையைக் கொடுத்தோம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஒப்பந்த நகல் கணக்கரிடம் இருக்கிறது.

முதல் குறுக்குத்தெரு வரைக்கும் குழாய் பதித்து, மண் மூடுவதற்கு முன்பே அவர் பில் கொடுத்தார். குழுவில் இருக்கும் மூத்த கொத்தனார் மூடக்கூடாது என்று நிறுத்தினார். நீளமான பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேற்குத் தொட்டியிலும் மறுமுனையை ஊருணிப் பக்கத்துத் தொட்டியிலும் பிடித்து மட்டம் பார்த்தார். இரண்டு தொட்டிச் சுவரிலும் கரிக்கோடு போட்டு, கோட்டிலிருந்து குழாயின் அடிமட்டம் வரை அளந்தால், ஊருணிப் பக்கம் நாலு விரல்கடை உயர்ந்திருந்தது. தண்ணீர் மேடேறிப் போக வேண்டும்! நம்பாதவர்களுக்காக மேற்குத் தொட்டியில் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் மேற்குப் பக்கமே தேங்கி நின்றதே தவிர மறுமுனைக்குச் சொட்டு வரவில்லை. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியும் கூடவே நின்று பார்த்தார்.

காரணம் சாதாரணமானதுதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்திருக்கிறது. ரோட்டு மேல்மட்டத்திலிருந்து ஒரே ஆழம் தோண்டிக்கொண்டு போனால் குழாயும் ரோட்டோடு சேர்ந்து ஏறத்தான் செய்யும். வாட்டம் பார்க்க வேண்டியது வேலை எடுத்தவர் பொறுப்பு, ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவர், "மழை பெய்தால் அழுத்தத்தில் தள்ளிக்கொண்டு போகும்" என்றார். பணத்தை நிறுத்தினோம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெரு தோண்டியபடி கிடந்த அந்த நாட்களில் மக்கள் பட்ட சிரமம் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வேன் வரவில்லை, பலகை போட்டு நடந்தார்கள். அதைப் படம் எடுத்துப் போட்டு, "கமிஷன் தகராறு" என்று எழுதினார்கள். குழுவில் யாரும் ஒரு ரூபாய் கை நீட்டியதில்லை, காசோலை தவிர வேறு வழியில் எந்தப் பட்டுவாடாவும் நடக்கவில்லை. பிறகு இரண்டு கட்சிக்காரர்கள், தனித்தனியாக, சமரசம் பேச வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: கொடுத்து முடித்துவிடுங்கள், ஒப்பந்தக்காரர் எங்களுக்கு வேண்டியவர். "குழாயைத் தோண்டிச் சரியாகப் போடச் சொல்லுங்கள், அன்றைக்கே கொடுக்கிறோம்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினோம். ஒப்பந்தக்காரர் கேட்ட பாக்கி 2,30,000. போட்ட குழாய்க்கும் ஜல்லிக்கும் பில் பார்த்து 1,10,000 கொடுத்து, வேறு உரிமை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கணக்கு முடித்தோம். ஒன்றுமே கொடுத்திருக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். கோர்ட்டுக்குப் போயிருந்தால் இரண்டு ஐப்பசி கடந்திருக்கும், தெருவும் அப்படியே கிடந்திருக்கும்.

பிறகு நாமே ஆள் வைத்து, மூத்த கொத்தனார் மேற்பார்வையில், அதே குழாய்களை எடுத்து வாட்டம் வைத்துப் பதித்தோம். புது வீடுகளின் குளியலறைத் தண்ணீர் கலக்காமல் இருக்கத் தனிக் கால். ஊருணிக்கு முன்னால் வண்டல் தொட்டியும் அடைப்புப் பலகையும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம்தான் பலகையைத் தூக்க வேண்டும். வரத்துக்கால் மொத்தச் செலவு 11,45,000. மதிப்பீட்டைவிட 6,95,000 கூடுதல். ஐப்பசி மழையில் தண்ணீர் எட்டாம் படி வரை ஏறியது. எத்தனையோ வருஷமாகப் பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடம் அது.

நன்கொடை தந்தவர்களை மறக்க முடியாது. தேர்முட்டி முக்கு வீட்டார் 5,00,000. மலேசியா ஈப்போவில் இருக்கும் மேலத்தெரு ஆச்சி, பேரன் கல்யாணச் செலவைக் குறைத்து 3,00,000. இரட்டைக்கதவு வீட்டு அண்ணன் தம்பிகள் நால்வரும் சேர்ந்து படித்துறைக்கு 4,00,000. பெயர் போடக்கூடாது என்று சொன்ன ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் 1,00,000. நாட்டார்கள் வசூலித்துக் கொடுத்தது 2,25,000. ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், பால் சொசைட்டிக்காரர்கள், ஆத்தங்குடி கல் பட்டறை நடத்துபவர், டீக்கடை, ஆசாரிமார் தந்த கூலி நாட்கள். பொட்டல் பிளாட்டில் குடியிருக்கும் குடும்பங்களும் வீட்டுக்கு வீடு போட்டு 84,000 கொடுத்தார்கள். அவர்கள் நம் கோவில் வரிப் புள்ளிகள் அல்லர், இருந்தும் கொடுத்தார்கள். இன்னும் கொடுத்த அனைவர் பெயரும் நகர விடுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. விட்டுப்போயிருந்தால் ரசீதோடு வந்து சொல்லவும்.

வரவு: 128 புள்ளிகள், புள்ளிக்கு 30,000 வீதம் 38,40,000. நன்கொடை 29,60,000. வங்கி வட்டி 1,15,000. ஆக 69,15,000. செலவு: மேலே சொன்ன மூன்றும், கும்பாபிஷேகம், அன்னதானம் 5,30,000-மும் சேர்த்து 67,75,000. கையிருப்பு 1,40,000. இதை வண்டல் தொட்டி பராமரிப்புக்கே ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கோபுர வர்ணத்துக்கு எடுக்க வேண்டாம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் குழாய்ப் பாதையை மாநகராட்சியின் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு மழைநீர் வடிகாலோ பாதாளச் சாக்கடையோ போட வருபவர் தெரியாமல் வெட்டிவிடுவார். மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். புது வார்டு எல்லை எப்படி அமைந்தாலும், வார்டு மக்கள் கூடும் பகுதி சபை நடக்கும்போது நம் ஆட்கள் போய்க் கேட்க வேண்டும். கோவிலின் புதுக் காரியக்காரர்கள் (நிர்வாகிகள்) இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். பில்கள், தீர்மானப் புத்தகம், மட்டம் பார்த்த அன்று எடுத்த படங்கள் எல்லாம் நகர விடுதியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காக, செயலாளர்