கறவையையும் கிடையையும் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெங்களூர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். 2023-இல் மழை பொய்த்து, கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223-ஐ வறட்சித் தாலுகா என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்த வருஷத்தையும் அடுத்து வந்த கோடையையும் ஆனேக்கல் பக்கம் எங்கள் மாடுகளும் செம்மறிகளும் தாண்டிவிட்டன என்றால் அதற்குப் பல பேர் காரணம். நேரில் நன்றி சொல்லப் போனால் "அதெல்லாம் எதுக்கும்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த மடல். பேர் போடக்கூடாது என்று பாதிப் பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எல்லோரையும் முறை சொல்லியே கூப்பிடுகிறேன்.

முதல் நன்றி தங்கவயல் மாமாவுக்கு. மார்கழியில் வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல் பட்டிக்குள் போய் ஒவ்வொரு பெட்டையாட்டின் வாயையும் திறந்து பல்லைப் பார்த்தார். பல் தேய்ந்தது, போன ஈற்றில் சினை பிடிக்காதது, மடி கெட்டது எல்லாவற்றின் முதுகிலும் செங்கல்லால் ஒரு கோடு போட்டார். "கோடு போட்டதைப் பொங்கலுக்குள்ள வித்துடு. பங்குனியில எல்லாரும் சந்தைக்கு ஓட்டிட்டு வருவான். அப்ப உன் ஆடும் எலும்பா இருக்கும், விலையும் இருக்காது." என் மாமனாருக்குக் கோபம். கிடாக்களை பக்ரீத் வரை வைத்திருந்தால் நல்ல காசு என்பது அவர் கட்சி. மாமா விடவில்லை. 25 கிலோ கிடா ஒன்று உலர்ந்த கணக்கில், அதாவது தீவனத்தில் தண்ணீர் போக, நாளைக்கு 800 கிராமாவது தின்னும், ஐந்து மாதத்துக்கு 120 கிலோ, அதைத் தீவனக் கடை விலையில் பெருக்கிப் பார் என்று பேனாவை நீட்டினார். பெருக்கிப் பார்த்ததும் வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது. மாமனார் மனசுக்காக நல்ல கிடாக்கள் சிலதை மட்டும் நிறுத்திக்கொண்டோம். விற்ற பணம்தான் மிச்சம் நின்றவற்றுக்குத் தீவனம் ஆனது. இளம் பெட்டைகள் கைவசம் இருந்தால் மந்தையை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னதும் நடந்துகொண்டிருக்கிறது.

ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் படித்த டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஊசி மருந்தைவிட அவர் கற்றுக்கொடுத்த கணக்குதான் எங்களுக்குப் பெரிய வைத்தியம். தீவனம் வாங்கும்போது எடையைப் பார்க்காதே, அதில் தண்ணீர் போக மிச்சம் என்ன என்று பார் என்பார். காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனமான சைலேஜ் கிலோ 8 ரூபாய், கேழ்வரகுத் தாள் கிலோ 12 ரூபாய் என்றால் நாம் சைலேஜ்தான் மலிவு என்று நினைப்போம். ஆனால் சைலேஜில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உலர்ந்த கணக்கில் அது கிலோ 24 ரூபாய் ஆகிறது. தாளோ 13, 14 ரூபாயில் நிற்கிறது. சத்து சைலேஜில் கூடுதல்தான். அதனால் அது கறக்கிற மாட்டுக்கு மட்டும், வற்றிய மாட்டுக்கும் கிடாரிக்கும் தாள். அந்தத் தாளையும் சும்மா போட விடவில்லை. 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாயில் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்கச் சொன்னார். பிரித்ததும் மூக்கைத் துளைக்கிற நெடி. கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட்டால் மாடு மிச்சம் வைப்பதில்லை. கன்றுக்குட்டிக்கு மட்டும் அது கூடாது.

இரண்டு விஷயத்துக்குக் கறாராக 'வேண்டாம்' என்றார். ஒன்று, சாக்கடை கலக்கிற ஏரிகளின் கரைப் புல். பச்சையாக இருக்கிறதே என்று அறுத்து வந்தால் பாலோடு சேர்ந்து என்னென்ன வீட்டுக்குள் வருமோ. இன்னொன்று, வெயிலில் வாடி ஒரு தூறலில் மறுபடி துளிர்த்த இளஞ்சோளம். அதில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும், தின்ற கொஞ்ச நேரத்தில் மாடு விழுந்துவிடும். வேலி ஓரம் அப்படித் துளிர்த்து நின்றதை அவரே வந்து பார்த்து, ஆட்டையும் மாட்டையும் அந்தப் பக்கமே விடாதபடி முள் வெட்டிப் போட வைத்தார்.

அப்புறம் நம்ம திருநெல்வேலித் தம்பி. கோரமங்களாவில் பீர் காய்ச்சி விற்கிற பப் ஒன்றில் வேலை. பீர் இறக்கிய பிறகு மிஞ்சும் பார்லிச் சக்கை எங்கள் மாட்டுக்கு வர அவர்தான் காரணம். ராத்திரி எந்நேரமானாலும் "அக்கா, இன்னிக்குச் சக்கை இருக்கு" என்று போன் வரும். கிலோ 3 ரூபாய், ஆனால் முக்கால் பங்கு தண்ணீர், ஆக உலர்ந்த கணக்கில் 12 ரூபாய். புரதம் நிறைய என்பதால் அந்த விலை தகும். புண்ணாக்குச் செலவு பாதியாகக் குறைந்தது. இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும், தாள் குறைத்துச் சக்கையைக் கூட்டினால் பாலில் கொழுப்பு இறங்கிவிடும். கொழுப்புக்கும் எஸ்என்எஃப்புக்கும் (கொழுப்பு போகப் பாலில் உள்ள மற்ற சத்து) தானே காசு! இதைப் பால் சீட்டில் பார்த்து எச்சரித்த பால் சொசைட்டி செயலாளர் அண்ணனுக்கும் நன்றி. லிட்டருக்கு 5 ரூபாய் அரசு ஊக்கத்தொகைக்கு எங்கள் வங்கிக் கணக்குச் சிக்கலை அலைந்து சரிசெய்து கொடுத்ததும் அவர்தான்.

மடிவாளா மார்க்கெட் அக்காமார் காலிஃபிளவர் இலையையும் கோஸ் மேல்தழையையும் தனிச் சாக்கில் எடுத்து வைத்தார்கள். அதில் கிடக்கிற ரப்பர் பேண்டையும் பிளாஸ்டிக் கயிற்றையும் வியாபாரத்துக்கு நடுவே உட்கார்ந்து பொறுக்கிப் போட்டுத்தான் கொடுப்பார்கள். மாட்டு வயிற்றில் பிளாஸ்டிக் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை.

மாசியில் மேய்ச்சல் சுத்தமாக இல்லாமல் போனபோது, மந்தையைக் கோலார் பக்கம் அனுப்ப வழி செய்தவர் பங்காருப்பேட்டைப் பெரியப்பா. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் அந்தப் பக்கத்து ஏரிகளில் விடுகிற கே.சி. வேலி திட்டத்தால் அங்கே சில ஊர்களில் போர்வெல் ஊற்று எடுத்திருந்தது. அந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. நாங்கள் ஏரியில் வாய் வைக்க விடவில்லை, ஊர்த் தொட்டித் தண்ணீர்தான். ஆனால் கோஸும் அவரைக்காயும் அறுத்த காடுகள் இருந்தன. அந்தக் காட்டுக்காரக் கௌடர்கள் மேய விட்டதோடு ராத்திரி கிடை போடச் சொல்லி அதற்குக் காசும் கேழ்வரகும் கொடுத்தார்கள். ஆட்டுப்புழுக்கை உரம் அவர்களுக்கு, வயிறு நிறைந்த ஆடு எங்களுக்கு. மொழி தெரியாத எங்கள் மேய்ப்பர் தம்பிக்குத் தினமும் முத்தே (கேழ்வரகுக் களி) உருட்டிப் போட்ட அந்த அம்மாவுக்கு என் கும்பிடு. இங்கே எங்கள் காட்டில் ஆட்டுக்கால் படாததால், மழை வந்ததும் புல் வேரிலிருந்து கிளம்பியது.

தண்ணீர்க் கதை உங்களுக்கே தெரியும். 2024 மார்ச்சில் நகரத்தின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வரே சொன்னார். ஒரு கறவைக்குக் கோடையில் நாளைக்கு 60, 70 லிட்டர் வேண்டும். ஒரு டேங்கர்காரர் வாய்க்கு வந்த விலை கேட்டார், அவரை விடுங்கள். 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய் என்று அரசு விலை கட்டிய அன்றே அந்த விலைக்கு இறங்கி வந்த இன்னொருவருக்குத்தான் நன்றி. சர்ஜாபுரம் ரோட்டு அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் சார், உங்கள் வளாகத்தில் சுத்திகரித்த உபரித் தண்ணீரை எங்கள் கோ-4 தீவனப் புல்லுக்குக் கொடுத்தீர்கள். கூட்டத்தில் அதற்காக நீங்கள் வாங்கிய பேச்சும் என் காதுக்கு வந்தது.

ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111 மி.மீ. கொட்டித் தீர்த்ததே, அதற்கு முன்பே டாக்டரம்மா வந்து துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிட்டார். பட்டினி கிடந்த ஆடு இளம்புல்லை ஆவலாக மேய்ந்தால் அந்த நோய்தான் முதலில் வருமாம். பத்து நாள் பாதி வயிற்றுக்குத் தாள் போட்ட பிறகே வெளியே ஓட்டினோம். ஒன்றுகூட விழவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் எரு கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மக்கிய எரு இப்போது நிறைய இருக்கிறது. மேலே சொன்ன யாரும் அதற்குக் காசு தர வேண்டாம். ஞாயிறு காலை பால் கறந்து முடிந்ததும் வாருங்கள். சாக்கு மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள், எங்களிடம் இருந்ததெல்லாம் பார்லிச் சக்கையில் ஊறிப் போய்விட்டது.

இப்படிக்கு,
ஆனேக்கல் தாலுகாவிலிருந்து, உங்கள் மாட்டுக்கார அக்கா