ஓரத்தில் நிற்பவனுக்கு என்ன கணக்கு?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமானதில் எங்கள் வீட்டிலும் ஏக மகிழ்ச்சி. இங்கே அதே கல்லூரி, அதே டிராபிக். மாணவர்கள் இந்த ஆண்டு எடுத்திருக்கும் புராஜெக்ட் மட்டும் சுவையானது. கூட்டுறவு வங்கியிலேயே காலம் தள்ளியவன் நீ, உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்.

டவரோ ரவுட்டரோ இல்லாத இடத்தில், செல்போன்களே ஒன்றின் செய்தியை இன்னொன்று வாங்கிக் கைமாற்றிவிடும் வலைப்பின்னல் அது. அடுத்தவர் செய்தியைச் சுமந்தால் நம் பேட்டரி கரையும். ஆகவே தன் செய்தியை ஊரார் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர்களுடையதைச் சத்தமில்லாமல் கீழே போடும் கருவிதான் பிழைக்கத் தெரிந்தது!

இதைப் பிடிக்க 2000-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு காவல் முறை சொன்னார்கள். நான் ஒரு போன், நீ பக்கத்துப் போன் என்று வைத்துக்கொள். நான் கொடுத்ததை நீ மேலே அனுப்புகிறாயா என்று காற்றிலேயே ஒட்டுக்கேட்பேன். பலமுறை கேட்காவிட்டால் உன் வழியைத் தவிர்த்துவிடுவேன். திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சுமையும் போயிற்று, அவன் செய்தியும் தடையின்றிப் போகிறது. போதாக்குறைக்கு, அந்த நொடியில் வேறொரு போன் குறுக்கிட்டால் நீ ஒழுங்காக அனுப்பியதும் என் காதில் விழாது. பழி உன்மேல்.

சுவிட்சர்லாந்தின் லோசானில் புட்டியான், ஹுபோ என்ற இரு ஆய்வாளர்கள் காசு முறையை முன்வைத்தார்கள். சுமந்தால் வரவு, சொந்தச் செய்திக்குச் செலவு. காசின் பெயர் நக்லெட். கணக்கில் கைவைக்க முடியாதபடி கருவிக்குள்ளேயே பூட்டிய சிப். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது, மாணவர்கள் மாடிப்படி மூலையில் வைத்த போனைப் பார்க்கும்வரை. நடுக்கூடத்துப் போன்கள் நாள் முழுக்கச் சம்பாதித்தன. மூலையிலிருந்ததற்குச் சுமக்கக் கொடுப்பாரில்லை. கையிருப்பு தீர்ந்ததும் அதன் வாய் அடைத்துப்போயிற்று. சுயநலம் துளியும் இல்லை, நின்ற இடம் அப்படி.

சுமக்காத போனுக்கு மாணவர்கள் ஆளுக்கொரு தண்டனை யோசிக்கிறார்கள். செய்யமாட்டேன் என்பவனையும் செய்ய முடியாதவனையும் பிரிக்காமல் தண்டனையைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் கட்சி. உங்கள் வங்கியில் வசதியிருந்தும் கடன் கட்டாதவரையும், பயிர் கருகியதால் கட்ட முடியாதவரையும் எப்படிப் பிரித்தீர்கள்? ஏட்டைப் பார்த்தா, வயலுக்கே போயா? விவரமாக எழுது. மாணவர்களிடம் படித்துக் காட்டுவேன்.

முகூர்த்தத் தேதியையும் உடனே தெரிவி. மயிலாடுதுறை போகும் ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
சேகர்