"பெற்றுக்கொண்டு வீடு திரும்பலாம்"

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த உங்கள் புற்றுநோய் சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். டாக்டருக்கு மூன்று பத்தி, ஸ்கேன் மெஷினுக்கு இரண்டு பத்தி, முட்டைக்கோஸுக்குக்கூட ஒரு கலர் படம். மருந்தகத்துக்கு மட்டும் ஒரே வரி: "பிறகு மாத்திரையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பலாம்." நாங்கள் என்ன தோசை பார்சலா வாங்கப் போகிறோம்?

என் மனைவிக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை கொடுத்தார்கள். கீமோ என்றால் பாட்டில் தொங்கும், ஊசி ஏறும் என்று பயந்திருந்த எங்களுக்கு, மாத்திரைதான் என்றதும் பாதி நோய் தீர்ந்த மாதிரி இருந்தது. 500 மில்லிகிராமில் மூன்று, 150இல் ஒன்று, காலையும் மாலையும், சாப்பிட்டு அரை மணிக்குள். 14 நாள் விழுங்கி 7 நாள் நிறுத்த வேண்டும். இத்தனையையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் மலாய் மொழியில் சொல்லி முடித்தார். எனக்குப் பின்னால் நாற்பது பேர், தலைக்கு மேலே நம்பர் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஃபாஹாம்?" என்றார், புரிந்ததா என்று. "ஃபாஹாம்" என்று தலையாட்டினேன். உங்கள் கட்டுரைப்படியே வீடு திரும்பினோம்.

பத்தாம் நாள் அவளுக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்து, கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஆரம்பித்த மருந்தை நடுவில் விடக்கூடாது என்று நான்தான் அதட்டி அதட்டி விழுங்க வைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் தூக்கம் வராது.

அடுத்த தடவை வேறொரு மருந்தாளர், சின்ன வயது சீனப் பெண், எங்களைத் தனி அறையில் உட்கார வைத்தார். "வீட்டில் வேறு என்னென்ன சாப்பிடுகிறார்? பையைக் கொட்டுங்கள்" என்றார். பிரஷர் மாத்திரை, தைலம், அப்புறம் ரத்தம் ஊறட்டும் என்று நான் கடையில் வாங்கிய ஃபோலிக் ஆசிட். அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. அது கேபசிட்டபினின் பக்கவிளைவைக் கூட்டிவிடுமாம். உடனே டாக்டருக்குப் போன் போட்டார். மாத்திரை சில நாள் நின்றது, பிறகு அளவும் குறைந்தது. மருந்துப் பையின் பின்பக்கம் 21 கட்டம் போட்டு, ஏழு கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார். அந்தப் பை இன்னும் எங்கள் ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. இதற்குப் பெயர்தான் உங்கள் அகராதியில் "பெற்றுக்கொண்டு" போலிருக்கிறது.

போன வருடம் "தோட்டத்து மக்களின் அறியாமை" என்றும் எழுதினீர்கள். அதற்கும் ஒரு கடிதம் போட்டேன். பாதியை வெட்டிவிட்டு, பஸ் வராததைப் பற்றி எழுதியதை மட்டும் போட்டீர்கள், நன்றி. நாங்கள் தோட்டத்து டிரெசர் (தோட்டத்தில் மருந்து தரும் உதவியாளர்) காலத்து ஆட்கள். காய்ச்சலோ வயிற்றுவலியோ, எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் தண்ணி மருந்துதான், ஏன் எதற்கு என்றால் முறைப்பு. மருந்து தருபவரிடம் கேள்வி கேட்கலாம் என்பதே எனக்கு அறுபது தாண்டித்தான் தெரிந்தது. பிரஷர் மாத்திரையை எஸ்.பி.யு.பி. (ஆஸ்பத்திரி மருந்தைப் பக்கத்து அரசு கிளினிக்கிலேயே தருவது) ஏற்பாட்டில் நம் ஊர் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்கிறோம். இந்தக் கீமோ மாத்திரைக்கு மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. டாக்டரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்), போய்வர டாக்சிக்கு நூற்றுக்கும் மேல். இதையெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

ராசிபலனுக்கு வாரா வாரம் அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த வாரம் அவள் ராசிக்கு "ஆரோக்கியம் மேம்படும்" என்று போட்டிருந்தீர்கள். அதில் கையகல இடம் விட்டு, மருந்தகத்தில் கேட்க வேண்டியதைத் தமிழில் போடுங்கள்: எத்தனை நாள் விழுங்குவது, எத்தனை நாள் நிறுத்துவது, என்ன ஆனால் உடனே போன் அடிப்பது, கூட எதைச் சாப்பிடக்கூடாது. அவ்வளவுதான். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவளுக்கு இன்னும் கண்ணாடி மாற்றவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து லோரி ஓட்டுநர்,
பீடோர், பேராக், மலேசியா